ஆத்தா வச்சுட்டுப் போன 18 லட்சம்: அவுக பேர்ல என்ன செய்யலாம்?

பள்ளத்தூர் மகள்

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஆத்தா போன ஆடியில காலமானாக. வயசு 81. அப்பச்சி (எங்க அப்பா) போய் 12 வருஷம் ஆச்சு. தலைத்திவசம் நெருங்குது. அதுக்குள்ள ஒரு முடிவுக்கு வரணும்.

ஆத்தா பேர்ல பேங்க்ல 18 லட்சம் டெபாசிட் கிடக்கு. உயில் கிடையாது. கடைசி மாசத்துல ஒரு ராத்திரி நான் பக்கத்துல படுத்திருந்தப்ப, "அந்தக் காசைப் பிரிச்சுக்கிடாதீக. எதுக்காச்சும் ஆகுறாப்புல செய்யுங்க"ன்னாக. எதுக்கு ஆத்தான்னு கேட்டேன். "ஒனக்குத் தெரியாதாக்கும்"னு சொல்லிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாக. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுபோச்சு. எனக்குத் தெரியலைங்கிறதுதான் இப்ப பிரச்சினை.

அண்ணன் சிங்கப்பூர்ல இருக்காக. நம்ம கோயில்ல ஆத்தா பேர்ல நித்தியக் கட்டளை, அதாவது வட்டியில தினமும் பூசை நடக்கிற மாதிரி ஒரு முதல், வைக்கணும்கிறாக. தம்பி கோயம்புத்தூர்ல. படிக்கிற பிள்ளைகளுக்கு உதவித்தொகைங்கிறான். சண்டை இல்லை, ஆனா ரெண்டு பேரும் போன்ல குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பிச்சிருக்காக. அது சண்டையை விட மோசம்.

இன்னொண்ணு. எனக்கும் வீட்டுக்காரருக்கும் பிள்ளை இல்லை. நாங்களும் உயில் எழுதலாம்னு இருக்கோம். அதுல ஆத்தா நினைவா ஒரு தொகை ஒதுக்கணும். எப்படி எழுதுறது? விவரம் தெரிஞ்சவுக சொல்லுங்க.

முகப்புத் திண்ணை

ஆச்சி, மனசைத் தேத்திக்கிடுங்க. நான் பேங்க்ல 34 வருஷம் குப்பை கொட்டினவன், அதனால கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க ஐயா ஒரு கோயில்ல விளக்குக் கட்டளை வச்சாக. மூலதனம் 500 ரூபாய். அந்தக் காலத்துல அது பெரிய காசு. இன்னைக்கு 7 வட்டின்னு வச்சாக்கூட வருஷத்துக்கு 35 ரூபாய். நல்லெண்ணெய்க் கடைக்குப் போய் 35 ரூபாய் நீட்டிப் பாருங்க. கல்வெட்டு மட்டும் அப்படியே இருக்கு, "நித்தியம்"னு.

18 லட்சத்துக்கு 7 சதவீதம்னா வருஷம் 1,26,000. அதை முழுசாச் செலவழிச்சா முதல் வருஷம் நல்லா இருக்கும். ஆனா விலைவாசி வருஷம் 7 சதவீதம் ஏறினா, 10 வருஷத்துல அதே பணத்துக்குப் பாதி வேலைதான் நடக்கும். அதனால 4 சதவீதத்தை, அதாவது 72,000-ஐச் செலவழிங்க. மீதி 54,000 மூலதனத்தோட சேரட்டும். கோயிலோ பள்ளிக்கூடமோ, எங்க கொடுத்தாலும் இந்த நிபந்தனையை எழுத்துல போடுங்க. "மூலதனத்தைத் தொடக் கூடாது"ன்னு எல்லாரும் எழுதுவாக. "வட்டியில ஒரு பங்கைத் திரும்பச் சேர்க்கணும்"னு எழுதுறவுக குறைவு.

ரெண்டாங்கட்டு

தலைப்பைப் பார்த்துட்டு எங்க அயித்தை கேட்டாக: "18 லட்சத்துக்கு இத்தனை பேர் யோசனை சொல்றாகளே, பிள்ளையார் நோன்பன்னைக்கு நம்ம நகரத்தார் உப்பை ஏலம் விடுறாகளே, அதுல விட்டிருந்தா அரை மணியில முடிஞ்சிருக்குமே?"

தேவகோட்டை வக்கீல்

முதலில் ஒரு கசப்பான செய்தி. இது இப்போது உங்கள் ஆத்தாவின் பணம் இல்லை. உயில் இல்லாமல் இறந்த இந்துப் பெண்ணின் சொத்து, கணவர் முன்பே காலமாகிவிட்டதால், பிள்ளைகளுக்குச் சம பங்காகச் சேரும். ஆக மூவருக்கும் தலைக்கு 6 லட்சம். ராத்திரி சொன்ன வார்த்தை உங்கள் மனசாட்சியைக் கட்டும், சட்டத்தைக் கட்டாது. மூன்று பேரும் மனமொத்துக் கொடுத்தால்தான் 18 லட்சமும் ஒரே காரியத்துக்குப் போகும். வங்கியில் உங்கள் பெயர் நாமினியாக இருந்தாலும் இதுதான் நிலை. நாமினி பணத்தை வாங்கி உரியவர்களிடம் சேர்ப்பவர்; அதனாலேயே உரிமையாளர் ஆகிவிட மாட்டார். உச்ச நீதிமன்றம் இதை 1983-லேயே ஓர் இன்சூரன்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது.

இதில் ஒரு நன்மையும் உண்டு. உயிரோடிருக்கும் நீங்கள் கொடுப்பதால், வாங்கும் நிறுவனத்துக்கு நன்கொடைக்கான வருமான வரிக் கழிவுச் சான்று (80ஜி) இருந்து, நீங்கள் பழைய வரிமுறையில் இருந்தால், உங்கள் வருமானத்தையொட்டிய ஒரு வரம்புக்குள் பெரும்பாலும் பாதித் தொகைக்குக் கழிவு கிடைக்கும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடையாது. எது கொடுத்தாலும் ரசீது வாங்குங்கள். மூலதனத்துக்கென்று கொடுத்தால் "மூலதன நிதிக்காக" என்று கடிதத்திலும் ரசீதிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வருஷச் செலவில் கரைந்துவிடும்.

அடுத்தது உங்கள் உயில். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவதே நல்லது. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பணம் பெறப்போகும் நிறுவனத்தின் ஆளையே சாட்சியாகக் கூப்பிடாதீர்கள்; பின்னால் சந்தேகத்துக்கு அதுவே முதல் படி. பதிந்த உயிலையும் உயிருள்ளவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

மிக முக்கியமானது: "தர்மத்துக்கு" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதிய ஒரு உயில் பம்பாயிலிருந்து, அப்போதைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. தர்மம் என்ற சொல்லுக்கு எல்லை இல்லை, எதைச் செய்வது என்று தெரியவில்லை, ஆகவே அந்தப் பகுதி செல்லாது என்று 1899-இல் தீர்ப்பு. நம் ஊரில் இன்றைக்கும் பத்திர எழுத்தர்கள் "எஞ்சியதைத் தர்ம காரியங்களுக்கு" என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எந்த நிறுவனம், என்ன பதிவு எண், என்ன வேலை, அந்த நிறுவனம் இல்லாமற்போனால் அடுத்து யார், இந்த நான்கும் இருக்க வேண்டும். உயிலை நடத்திவைக்கும் நிறைவேற்றுநராக உங்களைவிட வயதில் இளையவரைப் போடுங்கள். என் கட்சிக்காரர் ஒருவர் தன்னைவிட மூன்று வயது மூத்த மச்சானைப் போட்டிருந்தார்.

அண்ணன் சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டாரா?

பள்ளத்தூர் மகள்

வாங்கிட்டாக, ரொம்ப நாளாச்சு. ஏன் அண்ணே?

தேவகோட்டை வக்கீல்

அப்படியானால் கவனம் வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வெளிநாட்டில் சம்பாதித்ததை வங்கி வழியாகக் கொடுத்தால் அது அயல்நாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டவர் கொடுத்தால், அது ரூபாயாகவே இருந்தாலும், நம் ஊர் வங்கியிலேயே கிடந்தாலும், அயல்நாட்டு நன்கொடைதான். வாங்கும் அறக்கட்டளைக்கு 2010-ஆம் வருஷ அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி உள்துறை அமைச்சகத்தின் பதிவு வேண்டும். அந்தப் பணம் முதலில் வந்து இறங்க டெல்லியில் ஸ்டேட் பாங்கின் முதன்மைக் கிளையில் கணக்கு வேண்டும். சின்ன ஊர் அறக்கட்டளைகள் பெரும்பாலானவற்றிடம் இவை இருக்காது. தெரியாமல் வாங்கிவிட்டு அவர்கள் மாட்டிக்கொள்வார்கள், உங்கள் அண்ணன் இல்லை.

ஒரு வழி, அண்ணன் தன் பங்கை உங்களுக்கும் தம்பிக்கும் விட்டுக்கொடுத்துவிடுவது. ஆனால் அது பெயருக்குச் செய்வதாக இருக்கக் கூடாது. நல்ல ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிவிட்டுச் செய்யுங்கள்.

லண்டன் பாக்கி

இங்கே நிலைமை வேறு, ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன். பிரிட்டனில் ஒருவர் விட்டுச்செல்லும் சொத்தில் பொதுவாக 3,25,000 பவுனுக்கு மேற்பட்டதற்கு 40 சதவீதம் வாரிசு வரி. அறநிறுவனத்துக்கு எழுதிவைத்த தொகைக்கு வரி கிடையாது. வரிக்கு உட்படும் சொத்தில் 10 சதவீதமாவது அறத்துக்குப் போனால் மீதிக்கு வரி 36 ஆகக் குறையும். இது 2012 ஏப்ரலிலிருந்து. அதனால் உயிலில் அறநிறுவனம் சேர்ப்பது இங்கே சாதாரண நடுத்தர வீடுகளிலும் உண்டு. ஒரு குறிப்பிட்ட தொகை எழுதலாம், ஒரு குறிப்பிட்ட பொருளை எழுதலாம், எல்லாருக்கும் கொடுத்தது போக மிச்சத்தில் இத்தனை பங்கு என்றும் எழுதலாம். அந்த மூன்றாவதைத்தான் இங்குள்ள நிறுவனங்கள் விரும்பும், விலைவாசியோடு தானும் ஏறும் என்பதால்.

நம் ஊரில் எஸ்டேட் டியூட்டி என்ற வாரிசு வரியை 1985-லேயே எடுத்துவிட்டார்கள். எழுதிவைத்தால் வரி மிச்சம் என்ற பேச்சே இல்லை. கொடுக்கிறவர் கொடுக்க நினைத்தால் கொடுக்கிறார், அவ்வளவுதான். எது மேல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் தெருவில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி தன் பூனைகளைப் பார்த்துக்கொண்ட இடத்துக்கு வீட்டையே எழுதிவைத்துவிட்டார். பிள்ளைகள் இன்னும் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

குறுக்குச்சால்

எல்லாரும் எவ்வளவு, எப்படின்னு பேசுறீங்க. ஏன்னு யாரும் கேக்கலை. ஆத்தா பேரு கல்லுல வரணும், அதானே?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைங்க இருக்கே, ஒரு நாள் மத்தியானம் போய்ப் பாருங்க. பித்தளை அண்டா, வெங்கல உருளி, தூக்குச்சட்டி, ஒவ்வொண்ணுலயும் விலாசம் வெட்டியிருக்கும். மூணு எழுத்து, நாலு எழுத்து இனிஷியல். ஒரு பொண்ணுக்குச் சீராக் கொடுத்தப்ப "நம்ம வீட்டுச் சாமான்"னு உளி வச்சு வெட்டினது. இப்ப அது பெங்களூரு ஓட்டல் ஒண்ணுல செடி வைக்கப் போகுது. பேரு அழியலை, யாரு பேருன்னு சொல்ல ஆள்தான் இல்லை.

முகப்புத் திண்ணை

தம்பி, அதுக்காகப் பேரே வேண்டாம்னு சொல்லிட முடியுமா? வள்ளல் அழகப்பச் செட்டியார் பேரைப் போட்டதால யாருக்கு என்ன நட்டம்? 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தாக, மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்துச்சு. 1948-ல நேரு அடிக்கல் நாட்டினாரு, 1953-ல திறந்தாக. குடியிருந்த வீட்டையே பொம்பளப் பிள்ளைக படிக்கக் கொடுத்தவுக. 1957-ல போயிட்டாக, 48 வயசுகூட நிறையலை. உயில் எழுதி வச்சுட்டுப் போகலாம்னு காத்திருந்தா இதுல பாதிகூட நடந்திருக்காது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்களும் அப்படித்தான். அவுக 1992-ல காலமானாக. இன்னைக்குச் சென்னையில அந்தப் பேர்ல நூலகம் நடக்குது, ஆராய்ச்சி பண்றவுக வந்து உட்கார்றாக. பேரைக் கல்லுல வெட்டினதால அது நிக்கலை. உள்ள வேலை நடக்குது, அதனால நிக்குது.

ரெண்டாங்கட்டு

பேர் போடாத நினைவுச் சின்னமும் நம்மகிட்ட உண்டு. சுமைதாங்கிக் கல். பிள்ளைத்தாச்சியா இறந்துபோன பொண்ணுக்காக, அவ இறக்கி வைக்காம போன சுமைக்காக, பாதையோரத்துல நட்டு வைக்கிறது. தலைச்சுமைக்காரங்க அதுல இறக்கி வச்சு மூச்சு வாங்கிக்கிடலாம். எங்க ஊர்ப் பாதையில ஒண்ணு இருக்கு. யாருக்காக வச்சதுன்னு எங்க அப்பத்தாவுக்கே தெரியாது. ஆனா விறகுக்கட்டு தூக்கிட்டு வர்றவுக இன்னும் அதுலதான் சாச்சு வைக்கிறாக.

பர்மா பேரன்

முகப்புத் திண்ணை அண்ணன் சொன்ன வட்டிக் கணக்கோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஒரு பழைய தர்ம சாசன நகல் இருக்கிறது. சத்திரத்தில் தினம் இத்தனை பேருக்குச் சாப்பாடு, வருமானம் பர்மாவில் இருக்கும் நெல் வயலிலிருந்து. எழுதும்போது அதைவிட உறுதியான சொத்து உலகத்திலேயே இல்லை என்று நினைத்திருப்பார்கள்.

நெல் விலை சரிந்தபோது கடனைத் திருப்ப முடியாதவர்களின் நிலம், கடன் கொடுத்திருந்த செட்டியார்கள் கைக்கு வந்து விழுந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீத நிலம் அவர்களிடம், 1937-இல் 25 சதவீதம். கேட்கப் பெருமையாக இருக்கும். யாரும் விரும்பி வாங்கிய நிலம் இல்லை அது, அந்த ஊர் விவசாயியின் வயிற்றெரிச்சலும் சேர்ந்து வந்த நிலம். பிறகு யுத்தம், 1948-இல் நில தேசியமயச் சட்டம், 1962 ராணுவ ஆட்சி. சாசனம் பெட்டியில், வயல் பர்மாவில், சத்திரத்தில் பூட்டு.

ஆச்சி, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கட்டாதீர்கள். எழுதும்போது பிற்காலத்தவர் கொஞ்சம் மாற்றிக்கொள்ள இடம் விடுங்கள்.

இளையான்குடிக்காரன்

நான் செட்டிநாட்டு எல்லைக்கு வெளியே, இருந்தாலும் சொல்கிறேன். எங்களில் உயிலுக்கு வரம்பு உண்டு. கடனும் அடக்கச் செலவும் போக, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுதிவைக்க முடியாது. வாரிசுகள் சம்மதித்தால்தான் அதற்கு மேல். அதனால் பலர் உயிரோடிருக்கும்போதே செய்துவிடுவார்கள். இறந்த பிறகும் நன்மை போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும் தர்மத்துக்கு சதக்கத்துல் ஜாரியா என்று பெயர். என் வாப்பாவுக்காக நாங்கள் போட்டது ஒரு போர்வெல். மோட்டார் மூன்று முறை எரிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் ஊர்க்காரர்கள் எனக்குத்தான் போன் செய்கிறார்கள், "உன் வாப்பா தண்ணி நின்னுபோச்சு" என்று. சரி, வாப்பா இன்னும் என்னை வேலை வாங்குகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

தேவகோட்டை வக்கீல்

கிறிஸ்தவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காக: நெருங்கிய உறவு இருந்தால், இறப்பதற்கு 12 மாதத்துக்கு முன்பே எழுதாத உயிலில் அறத்துக்கு எழுதிய சொத்து செல்லாது என்று 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 118-ஆம் பிரிவு ஒன்று இருந்தது. 2003-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. இன்னும் பழைய பயத்தில் இருப்பவர்கள் உண்டு.

குறுக்குச்சால்

நான் ஏன் கடுப்பா எழுதினேன்னு சொல்லிடறேன். எங்க மாமா போனப்ப, அவரு படிச்ச பள்ளிக்கூடத்துல 2 லட்சம் கட்டி, வருஷா வருஷம் கணக்குல முதல் மார்க்குக்குப் பரிசுன்னு வச்சோம். முதல் அஞ்சு வருஷம் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டாங்க. அப்புறம் தலைமையாசிரியர் மாறினாரு, அழைப்பு நின்னுச்சு. நேர்ல போய்க் கேட்டா, எல்லாப் பரிசு நிதியையும் ஒண்ணாச் சேர்த்துட்டோம், இப்ப எல்லாருக்கும் ஒரே சான்றிதழ்னாங்க. ரசீது இருக்கான்னு என்னைக் கேட்டாங்க. இருந்துச்சு. ஆனா ரசீதுல "நன்கொடை"ன்னு மட்டும்தான் போட்டிருந்துச்சு. அந்தப் பள்ளிக்கூடத்தை இங்க சொல்ல விரும்பலை.

தேவகோட்டை வக்கீல்

இதைத்தான் மேலே சொன்னேன்.

டீச்சரம்மா

அரசுப் பள்ளியில் 29 வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள். உதவித்தொகை பற்றிக் கொஞ்சம் நடைமுறை.

அரசுக் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைக்குக் கட்டணம் பெரிய பாரம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்து மேலே போகிற பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பையன்களுக்கும் 2024-லிருந்து வருகிறது. தம்பி நினைக்கிற மாதிரி ஃபீஸ் கட்டினால், அது ஏற்கெனவே நனைந்திருக்கும் இடத்தில் பெய்கிற மழை. காய்ந்த இடம் வேறு. விடுதி மெஸ் பாக்கி, ஆய்வகக் கோட்டு, கலந்தாய்வுக்குப் போய்வரும் செலவு, நர்ஸிங் சேர்ந்த பிள்ளைக்கு வெள்ளை ஷூ. ஒரு பெண் ஷூ இல்லாமல் பத்து நாள் வகுப்புக்கே போகவில்லை. அதற்கு எந்தத் திட்டத்திலும் படிவம் கிடையாது.

ஆனால் ஆச்சி, இதெல்லாம் நான் சொல்கிற காரியம். உங்கள் ஆத்தா சும்மா இருக்கும்போது யாருக்கு என்ன செய்வார்? கோயிலுக்குப் போவாரா, பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துச் சோறு போடுவாரா? "ஒனக்குத் தெரியாதாக்கும்" என்று ஒருவர் சொல்கிறார் என்றால், கண்ணுக்கு முன்னால் செய்துகொண்டிருந்த ஏதோ ஒன்று.

பள்ளத்தூர் மகள்

டீச்சர், உங்க கேள்வி ரெண்டு நாளாத் தூங்க விடலை. ஊருக்குப் போயிட்டு வந்துட்டேன். அதான் பதில் போடலை, மன்னிக்கணும்.

எங்க பூர்வீக வளவு வீட்டுல ஆத்தா அறையைத் திறந்து, அலமாரியில இருந்த கணக்குச் சிட்டையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். அப்பச்சிக்குக் கணக்குப்பிள்ளை இருந்தாக, ஆத்தாவுக்கு ஆத்தாதான் கணக்குப்பிள்ளை. பால், பூ, மின்சாரம், வேலைக்காரப் பொண்ணுக்கு முன்பணம் எல்லாம் ஒழுங்கா இருக்கு. நடுநடுவுல "கண்ணாடி"ன்னு வருது. "ஆவணி 4, கொட்டான்காரி, கண்ணாடி 180." "தை 20, பால்காரர் மாமியார், கண்ணாடி 220." "இட்டிலிக்கடை, கண்ணாடி."

எனக்கு முதல்ல ஒண்ணும் புரியலை. எங்க முகப்புல பெல்ஜியம் கண்ணாடி நாலு இருக்கு, ரசம் போயிடுச்சுன்னு ஆத்தா புலம்புவாக. அதுக்குச் செஞ்ச செலவோன்னு நினைச்சேன். ஆனா ஓலைப்பெட்டி முடையுற கொட்டான்காரிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? வாசல் தெளிக்க வர்ற அக்காகிட்ட கேட்டேன். சிரிச்சுட்டு, சேலைத் தலைப்புல முடிஞ்சு வச்சிருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்துக் காட்டுனாக. "இது ஆச்சி வாங்கிக் கொடுத்ததுதான். அரிசியில கல்லு தெரியலைன்னு சொன்னேன், மறுநாளே காரைக்குடிக்குக் கூட்டிட்டுப் போனாக."

எண்ணிப் பார்த்தேன். 11 வருஷத்துல 63 பேர். மாசத்துக்கு ஒரு தடவை காரைக்குடிக்கு மருந்து வாங்கப் போறேன்னு போவாக. துணைக்கு யாரையாச்சும் கூட்டிட்டுப் போவாகன்னு நாங்க நினைச்சுக்கிட்டிருந்தோம். துணைக்குப் போனது ஆத்தாதான்.

போட்டோ எடுத்து அண்ணனுக்கும் தம்பிக்கும் அனுப்பினேன். அண்ணன் ரொம்ப நேரம் பதிலே போடலை. அப்புறம் "ஆத்தாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த கண்ணாடி சிங்கப்பூர்ல 300 டாலர்"னு ஒரே வரி.

டீச்சரம்மா

கொட்டான் முடைகிறவர்களுக்குக் கண் போனால் பிழைப்பே போச்சு ஆச்சி. ஓலையை நார் நாராகக் கிழித்துப் பின்ன வேண்டும். நாற்பத்தைந்து வயதில் "இனிமே முடியலை" என்று விட்டவர்களை எனக்குத் தெரியும். கை நன்றாகத்தான் இருக்கும்.

கண் பார்ப்பவன்

பொதுவாகப் படிச்சிட்டுப் போறவன், இதுக்காக உள்ளே வந்தேன். கண் பரிசோதனைதான் என் தொழில்.

40 வயசுக்கு மேல எல்லாருக்கும் வர்றது வெள்ளெழுத்து. கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் விறைச்சுப்போய்க் கிட்டத்துல இருக்கிறது மங்கலாத் தெரியும். நோய் இல்லை, நரை மாதிரி. பெரும்பாலும் +1.5, +2 கண்ணாடி போதும். படிக்கிறவங்களுக்கு மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டு, எழுதப் படிக்கத் தெரியாதவங்க கண்ணாடியே போடுறதில்லை. ஊசியில நூல் கோக்கிறதும் மாத்திரைப் பட்டை பார்க்கிறதும் படிப்பா என்ன?

ஆனா மொத்தமா 200 கண்ணாடி வாங்கி விநியோகம் பண்ணிடாதீங்க. பத்துப் பேர் "மங்கலா இருக்கு"ன்னா, அதுல சிலருக்குப் புரை இருக்கும், யாருக்காவது கண் அழுத்தம் இருக்கும், சர்க்கரையால விழித்திரை கெட்டிருக்கும். ரெடிமேட் கண்ணாடியைக் கொடுத்தா "ஏதோ பரவாயில்லை"ன்னு போயிடுவாங்க, அழுத்தம் பார்வையைச் சத்தமில்லாமத் தின்னுட்டிருக்கும். முதல்ல பரிசோதனை. அப்புறம் கண்ணாடி வேண்டியவங்களுக்குக் கண்ணாடி, மத்தவங்களை ஆஸ்பத்திரிக்கு. புரை அறுவைக்குப் பிறகும் கிட்டத்துல பார்க்கப் பெரும்பாலும் கண்ணாடி வேணும், அதை மறந்துடுவாங்க.

மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-ல 11 படுக்கையோட ஆரம்பிச்ச அரவிந்த், முகாம் முறையிலதான் இவ்வளவு பெருசாச்சு. ஊர்க்காரங்க இடம், விளம்பரம், ஏற்பாட்டைப் பார்த்துக்கிட்டா மருத்துவக் குழு வந்து பார்க்கும். அறுவை வேண்டியவங்களை பஸ்ல கூட்டிட்டுப் போய்த் திரும்பக் கொண்டாந்து விடும். அரவிந்த்னு இல்லை, இப்படிச் செய்யுற நல்ல ஆஸ்பத்திரி எதுகிட்டயும் எழுதிக் கேளுங்க. நீங்க புதுசா ஒரு அறக்கட்டளை பதிஞ்சு, வருஷா வருஷம் ஆடிட் பண்ணி அவஸ்தைப்பட வேண்டியதில்லை.

முகப்புத் திண்ணை

கணக்கைத் திரும்பப் போடுறேன். வருஷம் 72,000. ஒரு கண்ணாடிக்குச் சராசரியா 300 ரூபாய்னு வச்சா 240 பேர். ஒரு முகாமுக்குப் பந்தல், சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சேர்த்து 20,000 போனாக்கூட 170 பேருக்கு மேல. ஆத்தா 11 வருஷத்துல செஞ்சதைப் போல ரெண்டு பங்குக்கு மேல ஒரே வருஷத்துல. அப்புறம் என்ன யோசனை?

பள்ளத்தூர் மகள்

யோசனை முடிஞ்சது அண்ணே. மூணு பேரும் பேசிட்டோம்.

அண்ணன் தன் பங்கை எங்க ரெண்டு பேருக்கும் விட்டுக்கொடுக்கிறாக, ஆடிட்டரைப் பார்த்தாச்சு. 15 லட்சம் கண் ஆஸ்பத்திரி ஒண்ணுக்கு மூலதன நிதியாப் போகுது. வட்டியில எவ்வளவு செலவு, எவ்வளவு திரும்பச் சேர்க்கணும்னு கடிதத்துலயே போட்டாச்சு. மீதி 3 லட்சத்தைத் தம்பி கேட்டான், டீச்சர் சொன்ன வெள்ளை ஷூ மாதிரிக் காரியத்துக்கு. அதை வட்டிக்குப் போடாம அஞ்சாறு வருஷத்துல செலவழிச்சுடறதுன்னு இருக்கான். கட்டளை ஆசையை அண்ணன் விடலை. தைப்பூசத்துக்குப் பழனி நடந்து போறவுகளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு, அவுகளே வந்து நின்னு பரிமாறுவாகளாம். பார்ப்போம், 62 வயசு, முதுகுவலி.

எங்க உயில்ல எழுத இதை வச்சிருக்கேன். வக்கீல் அண்ணே, பார்த்துச் சொல்லுங்க:

"எனக்குச் சொந்தமான வைப்புத்தொகைகளில் இருந்து ரூ.5,00,000-ஐ என் தாயார் நினைவாக இன்ன பதிவு எண் உள்ள இன்ன கண் மருத்துவ அறக்கட்டளைக்குக் கொடுக்க வேண்டியது. அதைச் சிவகங்கை மாவட்டத்தில் கண் பரிசோதனைக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் பயன்படுத்த வேண்டியது."

தேவகோட்டை வக்கீல்

நன்றாக இருக்கிறது. இரண்டு திருத்தம். தொகையாக எழுதினால் முகப்புத் திண்ணை அண்ணன் கதைதான்: நீங்கள் இன்னும் 30 வருஷம் இருந்தால், இருங்கள், 5 லட்சத்துக்கு என்ன மதிப்பு? "என் வைப்புத்தொகைகளில் பத்தில் ஒரு பங்கு, அல்லது ரூ.5,00,000, இதில் எது கூடுதலோ அது" என்று போடுங்கள். கடைசியில் இதையும் சேருங்கள்: "மேற்படி நிறுவனம் அப்போது இல்லாவிட்டாலோ இப்பணியைக் கைவிட்டிருந்தாலோ, இதையொத்த பணி செய்யும் வேறொரு பதிவுபெற்ற நிறுவனத்தை என் நிறைவேற்றுநர் தேர்ந்து கொடுக்கலாம்."

பர்மா பேரன் கேட்ட இடம் அதில் இருக்கிறது.

குறுக்குச்சால்

கண்ணாடிக் கூட்டுல ஆத்தா பேர் போடப் போறீங்களா ஆச்சி? சும்மா கேக்குறேன்.

பள்ளத்தூர் மகள்

அண்ணன் போடணும்னாக. வாசல் தெளிக்கிற அக்கா வேண்டாம்னுட்டாக. "பேர் போட்டா இனாம் கண்ணாடின்னு தெரியும், மருமக முன்னாடி எடுத்து மாட்டக் கூச்சமா இருக்கும்"னு. அதனால கூட்டுல ஒண்ணும் இல்லை. முகாம் அன்னைக்கு முகப்புல ஆத்தா படம் மட்டும் வைக்கிறோம். முதல் முகாம் எங்க வளவுலதான், திவசம் முடிஞ்சு அடுத்த ஞாயிறு. பக்கத்துல இருக்கிறவுக வாங்க. டீச்சர், நீங்க கட்டாயம், பேர் எழுத ஆள் வேணும்.

இன்னொண்ணு சொல்ல விட்டுப்போச்சு. சிட்டையில கடைசிப் பக்கத்துல, ஆத்தா படுக்கையில விழுந்த மாசம், "கண்ணாடிக் கடை பாக்கி 140"ன்னு இருந்துச்சு. நேத்துக் காரைக்குடி போய்க் கடையைக் கண்டுபிடிச்சேன். கடைக்காரருக்கு ஆத்தாவை நல்லாத் தெரிஞ்சிருக்கு, இறந்தது தெரியலை. ஆச்சி ஏன் வரலைன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்னாரு. பாக்கியை வாங்க மாட்டேன்னுட்டாரு. ஆத்தா கணக்குல நிலுவை நிக்கக் கூடாதுன்னு மேசை மேல வச்சுட்டு, வீட்டுக்கு வந்து அந்த வரியை அடிச்சுட்டேன்.

தேவகோட்டை வக்கீல்

ரசீது வாங்கினீர்களா ஆச்சி?